ஐநூறு மூட்டையும் ஒரு ‘சாப்டாச்சா’வும்

ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. திரையில் பச்சை நிறத்தில் ‘நெல் கேள்’ என்று எழுதிக்கொண்டு அது மினுக்குகிறது. அவருடைய ஆள்காட்டி விரல் மவுஸை நோக்கிப் போகிறது. ஒரு நெல்மணி இடைவெளி இருக்கும்போது நின்றுவிடுகிறது. பிறகு, சூடேறிய தோசைக்கல்லின் மேலே போய்விட்டதுபோல் சட்டென்று மடங்கித் திரும்பி, மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, கீபோர்டுக்குப் போய், கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிற ஒரு கறுப்பு ஜன்னலைத் திறக்கிறது.

“இதப் போயி தினம் கையால அழுத்துவாங்களா? ஒரு தடவ எழுதிட்டா போதும்.”

அழுத்தியிருந்தால் ஒரு நொடி ஆகியிருக்கும். அழுத்தாமல் இருக்க அவருக்கு மூன்று வாரம் ஆனது.

இந்த விரலை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் ஆபீசில், உங்கள் தெருவில், சம்பந்தி வீட்டில் எங்காவது நிச்சயம் இருக்கும். இதுதான் ‘ஒரு தடவ எழுதிட்டா போதும்’ ஆசாமி. கம்ப்யூட்டர் படித்தவர்களிடம் இந்த இனம் செழிப்பாக வளர்கிறது என்றாலும் அவர்களோடு நின்றுவிடுவதில்லை. நாம் ஏதாவது ஒன்றைக் கையால் செய்துகொண்டிருந்தால் பின்னால் வந்து நின்று, “மேனுவலாவா பண்றீங்க?” என்று கேட்பார். ‘கால்ல என்ன கட்டியா?’ என்று கேட்கிற அதே குரலில். போன பொங்கலுக்கு முந்தைய லீவு நாட்கள் முழுவதையும் வாழ்த்து அனுப்பும் நிரல் ஒன்றை எழுதுவதில் செலவழித்தார். பொங்கலன்று காலை பால் பொங்கும் நேரத்தில், அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த அவரிடமிருந்து, பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த எனக்கு, ‘தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும்’ என்று வாழ்த்து வந்தது. நான் பதிலுக்கு அவர் மேல் போர்வையைச் சரிசெய்து விட்டேன்.

பெயர் மதிவாணன். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு மாடிப் போர்ஷனில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். வேலையும் ஒரே கம்பெனியில். அவர் நிரல் எழுதுவார். நான் அதில் தப்புக் கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்ததை முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டு, எதிர் நாற்காலியில் இருக்கிறவருக்கு மெயில் எழுதுவேன்.

‘நவகோட்டை’ என்று ஓர் ஆன்லைன் விளையாட்டு. ஆற்றங்கரையில் கோட்டைகள். கோட்டைக்குள் வீரர்கள். வீரர்களுக்குச் சோறு வேண்டும், சோற்றுக்கு நெல் வேண்டும், நெல் போதாதபோது கூட்டாளியிடம் கேட்க வேண்டும். எங்கள் கூட்டணியின் பெயர் கடைமடை, அதாவது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக எட்டுகிற இடம். ‘தோத்தாலும் பேரு பொருத்தமா இருக்கும்’ என்று அந்தப் பெயரை வைத்தவள் கவிப்ரியா, எங்கள் தலைவி, மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பூம்புகாரிலிருந்து சிங்காரவேலு அண்ணன்: ஃபைபர் படகு வைத்திருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர், கரைக்கு வந்தால் போர், கடலுக்குப் போனால் சமாதானம். மஸ்கட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கும் ஜாஃபர் சாதிக் அண்ணன், சொந்த ஊர் அதிராம்பட்டினம். பிறகு மதிவாணன். பிறகு, யாரும் போகாத மூலைக்கோட்டையைக் காவல் காக்கும் நான். இதில் நானும் மதிவாணனும் தவிர ஒருவரையொருவர் நேரில் பார்த்தவர் கிடையாது. சீசன் முடிந்ததும் எல்லாரும் தஞ்சாவூரில் கூடி ஒரு வேளை ஒன்றாகச் சாப்பிடுவது என்று கவிப்ரியா ஏற்பாடு செய்திருந்தாள். அந்தச் சாப்பாட்டுக்குத்தான் வேட்டு வைத்தார் நம் ஆசாமி.

எல்லாரும் இந்த விளையாட்டை முன்வாசல் வழியாகப் போய் விளையாடுவார்கள். ஆனால் விளையாட்டை நடத்தும் கம்பெனிக்காரன் பக்கவாட்டில் ஒரு ஜன்னலும் வைத்திருக்கிறான். அதற்கு ஏபிஐ என்று பெயர். சரியான முறையில் கேட்டால் எந்தக் கோட்டையில் எத்தனை வீரர், எவ்வளவு நெல் என்று ஜன்னல் சொல்லும். செய்தி அனுப்பச் சொன்னால் அனுப்பும். சரியான முறை என்பது நம்மைப் போன்றவர்களுக்குக் கைவராது. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர் இருப்பாரில்லையா, அய்யா சமூகத்துக்கு என்று தொடங்கி எதை எங்கே எழுத வேண்டுமோ அங்கே எழுதி உள்ளே நீட்டுபவர்? அந்த வேலையைச் செய்வதற்கென்றே யாரோ எழுதி வைத்திருக்கும் நிரல் தொகுப்புதான் கிளையன்ட் லைப்ரரி. களவு இல்லை. கம்பெனியே அனுமதித்தது. ஒரே நிபந்தனை, ஓயாமல் தட்டக்கூடாது. அளவுக்கு மேல் கேட்டால் ஜன்னலைக் கொஞ்ச நேரம் சாத்திவிடுவார்கள். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஊரில் பிறந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்.

லைப்ரரி கைக்கு வந்த நாளிலிருந்து மதிவாணன் விளையாடுவதை நிறுத்திவிட்டார். விளையாட்டை மேற்பார்வை பார்க்கத் தொடங்கினார்.

முதல் நிரல் நேரடியாகக் கேட்டது: ‘500 மூட்டை நெல் தேவை.’ யாரும் அனுப்பவில்லை. சிங்காரவேலு அண்ணன் மட்டும் கூட்டணியின் அரட்டைப் பக்கத்தில் எழுதினார்: “யாருய்யா அது, கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து பேசுற மாரி?”

மதிவாணன் மனம் தளரவில்லை. இந்த இனத்துக்கு மனம் தளராது, அதற்குப் பதிலாக ஆராய்ச்சி செய்யும். பழைய உரையாடல்களை எல்லாம் லைப்ரரி வழியாக இறக்கி, வரைபடம் போட்டு, ஒரு காலை என்னை எழுப்பி உட்கார வைத்துச் சொன்னார்: “கண்டுபுடிச்சிட்டேங்க. கவிப்ரியா கேட்டா மட்டும் ஏன் எல்லாரும் அனுப்பறாங்க தெரியுமா? மொதல்ல ‘சாப்டீங்களா’ன்னு கேக்குது. அப்புறந்தான் நெல்லு கேக்குது.”

டெல்டாவில் பிறந்து, டெல்டாவில் வளர்ந்து, முப்பது வயது வரை இதே மண்ணில் சாப்பிட்ட ஒரு மனிதர் இதைக் கண்டுபிடிக்க வரைபடம் போட்டார். நான் பாராட்டினேன். வேறு என்ன செய்வது?

இரண்டாவது நிரல் தினமும் பகல் ஒரு மணிக்கு ஒவ்வொருவரிடமும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டது. இங்கே ஒரு சிக்கல். யாரை அண்ணன் என்பது, யாரைத் தம்பி என்பது? ஜன்னல் வயதைச் சொல்லாது. கோட்டையின் உயரத்தைச் சொல்லும். சரி, நம்மைவிட உயர்ந்த கோட்டை என்றால் அண்ணன் அல்லது அக்கா, தாழ்ந்தது என்றால் தம்பி அல்லது தங்கச்சி என்று எழுதிவிட்டார். ஒரு தடவை எழுதிவிட்டால் போதுமே.

மறுநாள் ஒரு மணிக்கு, கரையேறி வலையை உதறிக்கொண்டிருந்த சிங்காரவேலு அண்ணனுக்கு, ‘தம்பி சாப்டியா?’ என்று போனது.

“எவன்டா தம்பி? ஒங்கப்பன் வயசுடா எனக்கு! எங்க ஊரு மதகடிக்கு வாடா, தம்பி யாருன்னு காட்றேன்!”

கவிப்ரியாவின் கோட்டை பெரியது. அவள் மதிவாணனை அண்ணே என்று கூப்பிடுகிறவள். அவளுக்கு ‘அக்கா சாப்டீங்களா?’ என்று வந்தது. “நேத்து வரைக்கும் தங்கச்சியா இருந்தேன். ஒரே ராத்திரில ஏண்ணே இவ்ளோ வயசாக்கிட்டீங்க?” என்றாள். ஜாஃபர் அண்ணன் நிலைமைதான் பரிதாபம். அவர் அப்போது கோட்டையைக் கட்டிக்கொண்டும் இடித்துக்கொண்டும் இருந்தார். திங்கட்கிழமை அண்ணன், செவ்வாய்க்கிழமை தம்பி, புதன்கிழமை மறுபடியும் அண்ணன். அதோடு இங்கே ஒரு மணி என்றால் மஸ்கட்டில் பதினொன்றரை. “இப்பத்தான் டீயே குடிச்சேன் தம்பி, இன்னும் சாப்புடல” என்று அவர் மெனக்கெட்டு எழுதினார். நிரல் பதில் அனுப்பியது: ‘சந்தோஷம்ண்ணே. அப்படியே ஐநூறு மூட்டை நெல் அனுப்பிடுங்க.’

கவனித்தீர்களா? நான் கவனித்தேன். நிரல் பதிலுக்காகக் காத்திருக்கும். ஆனால் பதிலைப் படிக்காது. எது வந்தாலும் சந்தோஷம். வழக்கம்போல் இதை ஒரு மெயிலில் எழுதினேன். “சாப்டேன்னுதாங்க எல்லாரும் சொல்வாங்க. வேற என்ன சொல்லப்போறாங்க?” என்றார் எதிரிலிருந்து.

உறவுமுறையை மட்டும் திருத்தினார். கோட்டை எண்ணை எழுதி, எதிரே அண்ணே, ம்மா என்று கையாலேயே அட்டவணை போட்டார். “ஆளோட பேருக்கு எதிர போடலாமே?” என்றேன், அன்று எப்படியோ வாய்விட்டே. “ஆளுங்க பேர மாத்திக்கிட்டே இருப்பாங்க. கோட்டை நம்பர் மாறாது. பட்டா யார் பேருக்கு வேணா போகும், சர்வே நம்பர் போகுமா?” என்று கேட்டார். விவசாய வீட்டுப் பிள்ளை.

இதற்குப் பிறகு நெல் வந்தது. கொட்டியது. கடைமடை மேலேறி மேலேறி, சீசனின் கடைசிப் போருக்கே போய்விட்டது. மதிவாணன் காக்கும் முகத்துவாரக் கோட்டையை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை விடாமல் பிடித்து வைத்திருந்தால் கோப்பை எங்களுக்கு. எதிரே உப்பளத்தார் என்றொரு கூட்டணி, வேதாரண்யம் பக்கத்து ஆட்கள், தலைவி பெயர் மர்யம். பயங்கரமான ஆள். அவர்களுக்கும் முகத்துவாரத்துக்கும் நடுவில் நின்றது கவிப்ரியாவின் கீழ்க்கோட்டை ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை ஒரு மணிக்கு நானும் மதிவாணனும் மெஸ்ஸில் இருந்தோம். ஊருக்கெல்லாம் அவர் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையில் ரசம் விழுந்தது. போன் அதிர்ந்தது. எங்கள் கோட்டைகளுக்குப் போகும் செய்தி கூட்டணியின் அரட்டைப் பக்கத்திலும் தெரியும், எல்லாரும் பார்க்கிற இடம்.

‘சாப்டாச்சாம்மா?’

கவிப்ரியா: “இல்லண்ணே. அப்பாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கு. காலைலேர்ந்து பச்சத் தண்ணிகூட குடிக்கல.”

‘சந்தோஷம்மா! அப்படியே ஐநூறு மூட்டை நெல் அனுப்பிடும்மா.’

நான் மதிவாணனைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்தார். ரசம் இலையின் விளிம்பைத் தாண்டி அவர் மடியை நோக்கி ஓடியது. இருவருமே தடுக்கவில்லை.

ஐநூறு மூட்டை வந்து சேர்ந்தது. ஒரு மூட்டை குறையாமல் அனுப்பியிருந்தாள். அடுத்த வரி: ‘கவிப்ரியா கூட்டணியை விட்டு விலகினார்.’ அதற்கு அடுத்த வரி சிங்காரவேலு அண்ணனுடையது:

“யோவ் மதிவாணா, நீ மனுசனாய்யா?”

அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டார்.

விலகியவரின் கோட்டைக்குப் பாதுகாப்பு இல்லை. சாயங்காலத்துக்குள் மர்யம் கீழ்க்கோட்டைக்குள் புகுந்து கொடியை ஏற்றிவிட்டார். அதுகூட மதிவாணனுக்கு உறைக்கவில்லை. அறைக்கு வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கறுப்பு ஜன்னலைத் திறந்தார். வருந்துகிறார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கும் நிரல் எழுதிக்கொண்டிருந்தார். ஒரேயடியாகக் கேட்காது, விட்டுவிட்டுக் கேட்கும், முதல் மன்னிப்புக்கும் இரண்டாவதற்கும் இடையே மனிதன் தயங்குகிற அளவு தயங்கும். மனம் உடைந்தவன் பிழையில்லாமல் எழுதினால் நம்ப மாட்டார்கள் என்று நடுவில் ஓர் எழுத்துப்பிழையைக்கூட வைத்திருந்தார்.

“நேர்ல போயிடலாங்க” என்றேன். மெயிலில் அல்ல.

“எந்த ஆஸ்பத்திரின்னு தெரியாதே!”

உண்மைதான். கவிப்ரியாவிடம் எத்தனை வில்லாளி, எத்தனை குதிரை, எந்த நாளில் எந்த மதிலுக்கு எவ்வளவு சுண்ணாம்பு அடித்தாள், கடைசியாக எப்போது எட்டிப் பார்த்தாள் என்று லைப்ரரி எல்லாவற்றையும் சொல்லியது. அப்பாவுக்கு என்ன என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை.

மஸ்கட்டிலிருந்து ஜாஃபர் அண்ணனே கூப்பிட்டார். “மன்னார்குடில தேரடிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி தம்பி. மழைல வண்டி சறுக்கி விழுந்திருக்காரு. கால் எலும்புதான். பயப்பட ஒண்ணுமில்லையாம்.”

“உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?” என்றார் மதிவாணன், ஏதோ புது லைப்ரரி வந்துவிட்டதோ என்ற ஆவலோடு.

“கேட்டேன் தம்பி. வேற எப்படித் தெரியும்?”

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினோம். இரண்டு பக்கமும் சம்பா இடுப்பளவு நின்று காற்றில் ஒரே திசையாய்ச் சாய்ந்து எழுந்தது. வடுவூர் ஏரியில் பறவைகள் வந்திறங்கியிருந்தன. நான் பார்த்துக்கொண்டு வந்தேன். மதிவாணன் உதட்டை அசைத்துக்கொண்டு வந்தார், கவிப்ரியா இப்படிச் சொன்னால் அப்படி, அப்படிச் சொன்னால் இப்படி என்று. தேரடியில் இறங்கியதும் சாப்பாட்டுப் பார்சல் வாங்கினார். அது மட்டும் யாரும் சொல்லாமல் செய்தார்.

ஆஸ்பத்திரியில் மாடி அறை. கதவோரம் அழைப்பு மணியின் பொத்தான். விரல் போனது. ஒரு நெல்மணி இடைவெளியில் நின்றது. கண்ணாடி வரை வந்து, அதை ஏற்றிவிட்டு, அக்கம்பக்கம் கீபோர்டு எதுவும் இல்லாததால் வேறு வழியின்றித் திரும்பிப் போய் அழுத்தியது.

கதவைத் திறந்தாள். முதல்முறையாகப் பார்க்கிறோம். தூங்காத முகம். மதிவாணன் பஸ்ஸில் மனப்பாடம் செய்த அத்தனையும் எங்கோ போய்விட்டது. வாயைத் திறந்தார். வந்தது ஒன்றே ஒன்று.

“சாப்டாச்சா?”

எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. கவிப்ரியா அவரைப் பார்த்தாள், பார்சலைப் பார்த்தாள்.

“பதிலப் படிக்கவே மாட்டீங்கன்னா அப்புறம் எதுக்குண்ணே கேக்கறீங்க?”

தலையைக் குனிந்து நின்றார். அவள் பதில் சொல்லும் வரை காத்திருக்கிறார் என்பது எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

“இல்ல. இன்னும் சாப்புடல” என்றாள்.

அவர் சந்தோஷம் என்று சொல்லவில்லை. பார்சலை நீட்டினார்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல்: “யாரும்மா அது?”

“நெல்லு கேட்டு வந்திருக்காங்கப்பா.”

“இப்ப ஏது நெல்லு? பயிரே இப்பதான் பொதி கட்டுது. பொங்கலுக்கு மேல வரச் சொல்லு. எவ்ளோ வேணுமாம்?”

“ஐநூறு மூட்ட.”

“ஐநூறா?” கட்டுப்போட்ட காலோடு எக்கிப் பார்த்தார். மதிவாணனை மேலும் கீழும் அளந்தார். “மில்லு மொதலாளியா? பாத்தா அப்டித் தெரியலியே!”

கவிப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்சலைப் பிரித்தபடியே சிரித்தாள். “கீழ்க்கோட்டை போச்சுண்ணே. முகத்துவாரத்துல நெல்லும் காலியாயிருக்கும். போவட்டும் விடுங்க. சேந்து சாப்புடறது மட்டும் நிக்கக்கூடாது” என்றாள்.

அப்போது சுவர்க் கடிகாரம் ஒரு மணி அடித்தது. மதிவாணனின் முகம் வெளுத்தது. மன்னிப்பு நிரல் எழுதும் மும்முரத்தில், சாப்பாட்டு நிரலை நிறுத்த மறந்திருந்தார்.

திரும்பும் வழியில் போனைத் திறக்க இருவருக்குமே தைரியம் இல்லை. வடுவூர் தாண்டி, இருட்டுகிற நேரத்தில்தான் திறந்தோம். முகத்துவாரக் கோட்டை நின்றுகொண்டிருந்தது. கொடி எங்களுடையது. கோப்பையும் எங்களுடையது. பட்டினியில் சாய வேண்டிய வீரர்களுக்கு ஒரு மணிக்கு ஐநூறு மூட்டை நெல் வந்து இறங்கியிருக்கிறது. அனுப்பிய இடம்: கீழ்க்கோட்டை.

கீழ்க்கோட்டையில் இருந்தது மர்யம். எங்கள் எதிரி.

பாதி எனக்கு உடனே புரிந்தது. ஆள் மாறினாலும் கோட்டை எண் மாறவில்லை. நிரல் வழக்கம்போல் அந்தக் கதவைத் தட்டி, ‘சாப்டாச்சாம்மா?’ என்று எதிரியையே கேட்டிருக்கிறது. ஆனால் எதிரி ஏன் அனுப்பினார்? சிங்காரவேலு அண்ணன் தெய்வச் செயல் என்றார். ஜாஃபர் அண்ணன் அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு என்றார். மறுநாள் கவிப்ரியா கூட்டணிக்குத் திரும்பி வந்தாள், ஒரே நிபந்தனையோடு: யாரையும் கேட்பதென்றால் கையால் கேட்க வேண்டும், பதிலைப் படிக்க வேண்டும். அன்று முதல் மதிவாணன் கையால்தான் கேட்கிறார். தினமும் விரல் ஒரு கணம் நிற்கிறது. பிறகு போகிறது. மஸ்கட்டில் பசிக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நமக்கு நிரல் எழுதவே தெரியாது, நாம் தப்பித்தோம் என்றுதானே? நண்பர் ஒருவர் ‘மனசு சரியில்லை’ என்று எழுதியபோது, போன் தானாகவே நீட்டிய மூன்று பதில்களில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போனது யார்? நேற்று கடைத்தெருவில் எதிரே வந்தவரை, “என்ன, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் “நல்லது, நல்லது” என்று வண்டியைக் கிளப்பினீர்களே, அது எந்த மொழியில் எழுதிய நிரல்? எப்போது எழுதியது? ஒரு தடவைதான் எழுதினீர்கள், இல்லையா?

பொங்கலுக்குப் பிறகு தஞ்சாவூரில் அந்தச் சாப்பாடு நடந்தது. கவிப்ரியா மர்யத்தையும் அழைத்திருந்தாள். பயங்கரமான ஆள் என்று நாங்கள் நினைத்திருந்தவர் மோருக்காகக் காத்திருந்தபடி சொன்னதில்தான் எனக்கு மீதிப் பாதி தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு கல்யாண வீட்டில் இருந்திருக்கிறார். போன் பைக்குள். நெல் அனுப்பியது அவர் அல்ல. அவர்கள் கூட்டணியிலும் வைத்தியலிங்கம் என்று ஒருவர் இருக்கிறாராம். அதே லைப்ரரி. மர்யம் ஊரில் இல்லாதபோது தங்கள் கூட்டணி ஆட்கள் யாராவது செய்தி அனுப்பினால் தானாகவே பதில் போட்டு, நெல் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாராம். கேட்பவர் சொந்தக் கூட்டணியா, எதிரியா என்று நிரலுக்கு எப்படித் தெரியும் என்று மதிவாணன் பதறிப்போய்க் கேட்டார்.

“அதுக்கு ஒரே ஒரு வரிதாங்க எழுதியிருந்தார்” என்றார் மர்யம். “‘சாப்டாச்சா’ன்னு மொதல்ல கேட்டா நம்மாளு.”